4294967297: பகா எண் வேடத்தில் ஒரு பகு எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297, அதாவது 2^32 + 1. 2^(2^n) + 1 வடிவில் வரும் ஃபெர்மா எண்களில் 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றுக்கு அடுத்தது. முதல் ஐந்தும் பகா எண்கள் என்பதால் மற்றவையும் அப்படியே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் இதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

இதற்கு அசுர உழைப்பு எதுவும் தேவையில்லை. p என்ற பகா எண் இதை வகுத்தால், p-ஆல் வகுக்கும்போது 2^32-க்கு மீதி −1; வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1. அதற்குக் குறைந்த அடுக்கில் 1 வராது. 2^(p−1)-க்கும் மீதி 1 என்பதால் p−1 கட்டாயம் 64இன் மடங்கு. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, ஆகவே 257ஐத் தள்ளிவிடலாம். நான்காவது முயற்சியிலேயே 641 சிக்கிவிடும். இதில் பயன்படும் '2^(p−1)-க்கு மீதி 1' என்பது ஃபெர்மாவின் சொந்தச் சிறிய தேற்றம்தான்! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

சரிபார்க்கப் பத்து இலக்க எண்ணை வகுக்க வேண்டியதில்லை. 2^16 = 65536. அதில் 641 × 102 = 65382 போனால் மீதி 154. 154இன் வர்க்கம் 23716; 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது, ஆக 2^32-க்கு மீதி −1. முடிந்தது.

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதை வகுக்கும் பகா எண் 4294967297ஐயும் வகுக்கும், ஆகவே மேலே சொன்ன விதி இதற்கும் பொருந்தும். கணிதவியலாளர் லூக்கா பின்னர் அந்த விதியில் 64ஐ 128 ஆக்கினார்: p−1 கட்டாயம் 128இன் மடங்கு. அதன்படி, 257ஐ முன்பே தள்ளிவிட்டதால், 2588க்குள் சோதிக்க வேண்டியவை 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. எதுவும் வகுக்கவில்லை.

நிரல் எழுதுபவர்கள் இந்த எண்ணிடம் கவனமாக இருக்க வேண்டும். 32 பிட் மாறியில் போட்டால் இது வெறும் 1 ஆகிவிடும். அடி 2 வைத்து ஃபெர்மா சோதனை (அடியை n−1 அடுக்குக்கு உயர்த்தி, n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்தால் 'பகா எண்' என்றே பதில் வரும், ஏனென்றால் 2^64-க்கு மீதி 1, அடுக்கான 2^32 என்பதோ 64இன் மடங்கு. அதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையும் அடி 2இல் ஏமாறும். இன்னொரு வேடிக்கை: குறியற்ற (unsigned) 64 பிட் மாறியில் கணக்கிடும்போது, மீதி 2^32 வரும் கட்டத்தில் அதை வர்க்கப்படுத்தினால் வழிந்து 0 ஆகிவிடும். ஃபெர்மா சோதனை அப்போது 'பகு எண்' என்று சொல்லும். விடை சரி, காரணம் தப்பு. இப்படிச் சரியாக வரும் விடைதான் பிழையை மறைத்துவைக்கும்.

ஃபெர்மா எண்களுக்கென்றே உள்ள பெப்பின் சோதனைப்படி அடி 3 எடுத்து, ஒவ்வொரு முறையும் 4294967297ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொண்டு 31 முறை வர்க்கப்படுத்துங்கள். பகா எண்ணாக இருந்தால் 4294967296 வர வேண்டும், வருவதோ 10324303.