ஸ்கேன் கட்டாயம் என்றால் யாருக்குக் கதவு மூடும்?

"சிஸ்டர், கருக்கலைப்புக்கு முன்னால் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும் என்று சட்டம் போட்டால் நல்லதுதானே? அதைப் போய் நாடாளுமன்றத்தில் தள்ளிவிட்டார்களாமே?" கோயில் மாதர் குழுவில் ஓர் அம்மா கேட்டார். மகப்பேறு வார்டில் செவிலியர் வேலையை விட்டு வெளியே வந்து வெகு காலம் ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பெயர் இன்னும் சிஸ்டர்தான். பிரசாத வரிசையில் நின்றுகொண்டு பேசும் விஷயமா இது? அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்டது ஏசிடிபி (ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி) உறுப்பினர் செரிலின் டட்லி 2017இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை. அல்ட்ராசவுண்ட் வசதி, கட்டாய ஆலோசனை, 20 வாரத்துக்குப் பிறகு சமூகப் பணியாளரின் கருத்து ஆகியவற்றை அது கேட்டது. கூடவே, 12 வாரத்துக்குப் பிறகு வறுமையையும் குடும்பச் சூழலையும் காரணமாகச் சொல்லும் வழியை அடைக்கவும் பார்த்தது. 2018இல் நாடாளுமன்றத்தின் தேசிய சபை அதை நிராகரித்தது. வறுமைக் காரணத்தை அடைப்பதில் மருத்துவம் துளியும் இல்லை, அதை விட்டுவிடுகிறேன்.

பாதுகாப்பு பற்றி நம் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைப்பவர்கள் 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் படிக்கட்டும். கருக்கலைப்பு செய்யும் இடத்துக்கு அது கேட்பவை: மருத்துவரும் செவிலியரும், அறுவை அரங்கு, கருவிகள், ஊசி மருந்துகள், மூச்சு நின்றால் மீட்கும் சாதனம், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி, கண்காணிக்கப் படுக்கை, தொற்றுத் தடுப்பு, கழிவை அகற்றும் ஏற்பாடு, தொலைபேசி. ஆம், தொலைபேசி! இதை எழுதியவர் இரவுப் பணி பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். ரத்தப்போக்கு நிற்காதபோது அடுத்த மருத்துவமனையைக் கூப்பிட வழியில்லாமல் தவிப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

மிகச் சில காரணங்களுக்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதித்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் நடந்த காலத்தில் வசதியுள்ள வெள்ளையர்கள் லண்டனுக்கு விமானம் ஏறினார்கள். மற்றவர்கள் எங்கள் வார்டுக்கு வந்தார்கள், காய்ச்சலோடு, துர்நாற்றத்தோடு, வாயே திறக்காமல். அரசு மருத்துவமனைகளில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 425 பெண்கள் இப்படிப் பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் இறந்தார்கள் என்று 1994இல் நடந்த ஆய்வு கணக்கிட்டது. 1997 பிப்ரவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின் அந்த மரணங்கள் 91 சதவீதம் குறைந்தன.

ஸ்கேனுக்கு நான் எதிரி இல்லை. மாதவிலக்குத் தேதி தெரியாத பெண், கரு குழாயில் தங்கியிருக்குமோ என்று சந்தேகம் தரும் வலி என்றால் நானே முதலில் ஸ்கேன் கேட்பேன். ஆனால் ஆரம்ப வாரங்களில் பெரும்பாலோருக்குத் தேதியும் கைப் பரிசோதனையும் போதும். ஸ்கேனை முன்நிபந்தனை ஆக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2022இல் சொல்லிவிட்டது.

நிபந்தனை ஆக்கினால் நடப்பதைச் சொல்கிறேன். பதினொரு வாரத்தில் ஒரு பெண் சிறிய கிளினிக்குக்கு வருகிறாள். அங்கே கருவி இல்லை. நகரத்துக்குப் போ என்கிறார்கள். டாக்ஸிக் கட்டணம் சேர்க்கவேண்டும், வேலைக்கு விடுப்புச் சொல்லவேண்டும், அங்கே போனால் தேதி வாங்கித்தான் வரவேண்டும். அதற்குள் 12 வாரம் தாண்டிவிடும். தாண்டினால் பயிற்சி பெற்ற மருத்துவச்சியோ செவிலியரோ தொடக்கூடாது, மருத்துவர்தான் செய்யவேண்டும். செவிலியருக்கு அந்த அனுமதி கிடைத்ததே பெரும் பாடு: 2004இல் திருத்தம் வந்தது, மாகாணங்களில் மக்கள் கருத்தைச் சரியாகக் கேட்கவில்லை என்று 2006இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது, 2008இல் மறுபடி நிறைவேற்றினார்கள்.

உண்மையில் பற்றாக்குறை ஆட்களுக்குத்தான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதற்குப் பயிற்சியும் மனமும் உள்ள சிஸ்டர் ஒரே ஒருவர். அவர் விடுப்பில் போனால் அறைக்குப் பூட்டு. கருவிகளெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும். நாட்டின் அரசு மருத்துவ நிலையங்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவையே இந்தச் சேவையைத் தருகின்றன என்று 2017இல் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு சொன்னபோது எனக்கு வியப்பே வரவில்லை.

டர்பன் நகர மையத்தில் விளக்குக் கம்பங்களைப் பாருங்கள். 'வலியில்லை, அன்றே முடியும்' என்று சட்டவிரோதமாகக் கருக்கலைப்பவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். 3ஆம் பிரிவு கேட்கும் எல்லாவற்றிலும் அவர்களிடம் உறுதியாக இருப்பது தொலைபேசி மட்டும்தான்.

இன்னொன்று, அந்த அம்மா கேட்காதது. பெண்ணின் சம்மதம் தவிர வேறு எவர் கையெழுத்தும் சட்டப்படி தேவையில்லை. வயது 18க்குக் கீழ் என்றால் பெற்றோரிடம் பேசிப் பார் என்று அறிவுரை சொல்லவேண்டும். அவள் மறுத்தாலும் திருப்பி அனுப்பக்கூடாது. வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.