யாரை நம்பி எதிர்த்தார்கள்?

பாசிச எதிர்ப்பை வகுப்பில் நடத்தும்போது ஆயுதம், நாடாளுமன்றம், துண்டறிக்கை, மறுப்பு என்று கட்டம் போட்டுப் பிரிப்பது வழக்கம். மாணவர்கள் கட்டங்களை மனப்பாடம் செய்வார்கள். ஏன் தோற்றது என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஒற்றுமை இல்லை’ என்றே எழுதுவார்கள். இத்தாலியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது மேல்: யார் கை கொடுப்பார்கள் என்று இவர்கள் நம்பினார்கள்?

1924 ஜூன் 10-இல் சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்டதும் எதிர்க்கட்சியினர் அவையைப் புறக்கணித்தார்கள். பதவி விலகவில்லை, மாணவர்கள் இங்கேதான் தவறுவார்கள். முசோலினியை மன்னர் நீக்குவார் என்று காத்திருந்தார்கள். மன்னர் அசையவில்லை. 1926 நவம்பரில் அவர்களின் இடங்களே பறிக்கப்பட்டன. 1931 அக்டோபர் 3-இல் கவிஞர் லௌரோ தெ போசிஸ் தனியாக விமானம் ஓட்டி வந்து ரோம் மீது 4,00,000 துண்டறிக்கைகளைக் கொட்டினார். அவற்றில் ஒரு வகை மன்னருக்கே எழுதியது, அதே மன்னருக்கு! திரும்பும் வழியில் அவர் கடலில் மறைந்தார்.

வட இத்தாலிய நகரமான பார்மா வேறு கதை. 1922 ஆகஸ்டில் பாசிசத் தலைவர் இத்தாலோ பால்போ கருஞ்சட்டைப் படைகளோடு நகரை முற்றுகையிட்டபோது, ஆற்றுக்கு அப்பாலுள்ள தொழிலாளர் குடியிருப்பு பெரிதும் நம்பியது தன் அக்கம்பக்கத்தாரைத்தான். தெருக்கல்லைப் பெயர்த்தார்கள், பள்ளம் தோண்டினார்கள், தேவாலயப் பெஞ்சுகளையும் அடுக்கித் தடுப்பு கட்டினார்கள். ‘அர்தீதி தெல் போப்போலோ’ என்ற பாசிச எதிர்ப்புக் காவலர் அணியோடு குயிதோ பிச்செல்லி வழிநடத்தினார். சில நாட்களில் பால்போ பின்வாங்கினார். இதைக் கரும்பலகையில் வரைபடமாகப் போடாமல் சொன்னால் விளங்காது: ஆறும் பாலங்களும்தான் பாதி விளக்கம். வேறு ஊர்களில் இது ஏன் பரவவில்லை என்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இந்தக் காவலர் அணிகளுக்கு அதற்கு முந்தைய ஆண்டே சோசலிசக் கட்சி கைவிரித்துவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சியோ தன் உறுப்பினர்களைச் சேர வேண்டாம் என்றது.

அதிக நேரம் கேட்பது, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாக எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி. பழைய வாசகத்தையும் 1931-ஆம் ஆண்டு வாசகத்தையும் அருகருகே வைத்து, புதிதாக நுழைந்த ‘பாசிச ஆட்சி’ என்ற சொல்லை மாணவர்களையே தேடச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1,200 பேரில் மறுத்தவர்கள் 12 பேர் என்பது வழக்கமான கணக்கு. ஒன்றிரண்டு கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. கணித மேதை வீட்டோ வொல்தேரா, தத்துவம் கற்பித்த பியேரோ மார்த்தினெத்தி, தடயவியல் மருத்துவர் மாரியோ காரரா ஆகியோர் அவர்களில் சிலர். உடனே மாணவர்கள் மற்றவர்களைக் கோழைகள் என்பார்கள். பல்கலைக்கழகத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், உள்ளேயே இருங்கள் என்று தத்துவஞானி குரோச்சேயும் கம்யூனிஸ்ட் தலைவர் தொக்லியாத்தியும் ஆலோசனை சொன்னதைக் காட்டாமல் அந்த விவாதத்தைத் தொடங்கவே கூடாது. இருவரும் பாசிசத்தின் எதிரிகள்.

மறுத்தவர்களில் தந்தையும் மகனும் உண்டு: பிரான்செஸ்கோ ருப்பினிக்கு வயது 68, எதோவார்தோவுக்கு 30. இருவரையும் ஒரே வரியில் எழுத விடாமல், யார் எதை இழந்தார் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.