மைனஸ் 49

"அக்கா, நாங்கள் வெட்டுறது இரைச்சலையா, இல்லை எங்களுக்கு விளங்காததையா?" என்று கூட வேலைசெய்த தம்பி கேட்டபோது நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "ஹாட் பிக்சல்தான், வெட்டிவிடு" என்றேன். வெட்டினான்.

நாசாவின் ஸ்விஃப்ட் செய்மதியில் இருக்கும் எக்ஸ்ரே தொலைநோக்கித் தரவோடு மாரடித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். 2004 இல் மேலே போன கொஞ்ச நாளிலேயே சிசிடியை (படம் பிடிக்கும் சில்லை) குளிர வைக்கும் கருவிக்கு மின்சாரம் வராமல் போய்விட்டது. −100 பாகையில் ஆடாமல் நிற்க வேண்டிய சில்லு, சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் பூமியைப் பார்க்கிறதா இருண்ட வானத்தைப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்து ஏறக்குறைய −75க்கும் −50க்கும் இடையில் ஏறி இறங்கத் தொடங்கியது. எந்த நேரம் எந்தப் பக்கம் திருப்புவது என்று திட்டம் போடுகிறவர்கள்தான் அதற்கு ஏசி. சூடு ஏறினால் சில பிக்சல்கள் (இவைதான் ஹாட் பிக்சல்கள்) எதுவும் படாமலே மினுங்கும், அதுவும் குறைந்த ஆற்றல் பக்கத்தில், வானத்தில் எக்ஸ்ரே வீசும் மங்கலான பொருள் ஒன்றைப் போலவே.

தம்பி கேட்ட புள்ளி தெரிந்த சுற்றுகளில் சில்லு −49 பாகை. வேறு யாராக இருந்தாலும் வெட்டத்தான் சொல்லியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை சேருக்கு அறிக்கை போக வேண்டும், கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது, கொழும்பு வெக்கையில் எங்கள் சேர்வரே மூச்சுவாங்கியது (விண்வெளிச் சில்லுக்கு நாங்கள் கவலைப்பட்டோம்!).

ஆனால் ஹாட் பிக்சல் இடம் மாறாது. உண்மையான எக்ஸ்ரே பொருள் ஒரே பிக்சலில் அடங்காது, பக்கத்துப் பிக்சல்களிலும் பரவும். அடுத்த சுற்றில் தொலைநோக்கி கொஞ்சம் விலகி நின்றால் சில்லில் வேறு இடத்தில் விழும். வானத்து ஆள்கூறுகளை விட்டுச் சில்லின் ஆள்கூறுகளில் ஒரு படம் போட்டிருந்தால் போதும். பத்து நிமிட வேலை. அவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

சரி, தெரிந்தும் ஏன் செய்யவில்லை? வேலை என்று சொல்லலாம். அவன் கேட்ட விதம் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மைக்குக் கிட்ட வரும். ஆனால் இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் மினக்கெட்டால் எந்த அறிக்கைதான் முடியும்?

போன மாதம் தம்பியை வெள்ளவத்தையில் கண்டேன். ஒரு வங்கியில் ஐடி பிரிவில் இருக்கிறானாம். தேத்தண்ணி குடித்தோம், தொலைநோக்கி பற்றிக் கதைக்கவில்லை. அன்றிரவு பழைய ஃபைலைத் திறந்து அந்தப் படத்தைப் போட்டேன். மொத்தம் ஏழு நிகழ்வுகள் (சில்லில் பதிவான மினுக்கங்கள்). நான்கு ஒரே பிக்சலில். மற்ற மூன்றும் தள்ளித் தள்ளி.

அவனுக்கு மெசேஜ் அடித்து அழித்தேன். மூன்றை வைத்து என்ன சொல்ல?