மெரினா கண்ணகி சிலை காணாம போன கதை

பீச் ரோட்ல கைல சிலம்போட கோபமா நிக்கிற கண்ணகி சிலைய பாக்காத மெட்ராஸ்காரங்க யாரும் இருக்க மாட்டாங்க, ஆனா நடுவுல ஒரு நாலஞ்சு வருஷம் அது அங்க இல்லவே இல்லங்கறது இப்போ உள்ள பசங்களுக்கு தெரியாது. 1968ல உலகத் தமிழ் மாநாட்டுக்காக, அண்ணா சிஎம்மா இருந்தப்போ வச்சது. 2001 டிசம்பர்ல லாரி இடிச்சு பீடம் டேமேஜ்னு சொல்லி ராவோட ராவா தூக்கிட்டாங்க. லாரி இடிச்சா பீடத்த சரி பண்ணி திரும்ப வைக்கலாமே, ஏன் வைக்கல? வாஸ்து, அது இதுன்னு ஊரெல்லாம் ஒரே பேச்சு, எழும்பூர் மியூசியத்துல போட்டு வச்சிருந்தாங்க. அப்புறம் 2006ல ஆட்சி மாறுச்சு, கலைஞர் வந்த கொஞ்ச நாள்லயே, ஜூன்ல, பழையபடி பீச்சுக்கே கொண்டு வந்துட்டாரு.