டிஹியூமிடிஃபையரில் ஐஸ் கட்டுது

நவம்பர் 14

திருவான்மியூர், தரைத்தள வீடு. புத்தக அலமாரி இருக்கும் அறையில் காற்றின் ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கும் கம்ப்ரஸர் வகை டிஹியூமிடிஃபையர் ஓடுகிறது, வாளியில் தண்ணீர் சேரவில்லை. பின்பக்கக் கிரில்லைக் கழற்றினால் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முழுக்க ஐஸ். பார்த்த மாத்திரத்தில் "கேஸ் கம்மி" என்கிறார் மெக்கானிக். குளிர்விக்கிற எந்த மெஷினுக்கும் இந்த ஊரில் முதலில் சொல்லப்படும் வியாதி அது.

ஐஸ் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் கேஸ் பேச்சை எடுக்கக் கூடாது. பல மணி நேரம் ஓடினால் ஐஸ் எங்கும் பரவி, தடயம் அழிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, அடியில் பழைய துண்டு போட்டு, ராத்திரி முழுக்கத் தானாக உருகவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பெயர்த்தால் காயில் குழாயில் ஓட்டை விழும். அப்புறம் நிஜமாகவே கேஸ் போய்விடும்.

நவம்பர் 15

காய்ந்த காயிலோடு மறுபடி ஓட்டம். கேபிலரி (திரவ கேஸைக் காயிலுக்குள் விடும் மெல்லிய குழாய்) வந்து சேரும் முதல் இரண்டு மூன்று வளைவுகளில் மட்டும் ஐஸ் பிடித்து, மீதிக் காயில் அறைச் சூட்டிலேயே காய்ந்து கிடந்தால் கேஸ் குறைவு, இல்லையென்றால் கேபிலரி அடைப்பு. கேஸ் குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் இறங்கும். ஆர்-134ஏ என்ற கேஸ் கேஜில் சுமார் 28 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் 0 டிகிரிக்கும் கீழேயே கொதிக்கும். வந்த கொஞ்சம் திரவமும் முதல் வளைவுகளிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும்.

இங்கே மேலிருந்து கீழ்வரை சீராகப் பனி. கேஸ் இருக்கிறது. குறை காற்றோட்டத்திலோ, அறைச் சூட்டிலோ, டிஃப்ராஸ்டிலோ (மெஷின் தானே பனியை உருக்கும் ஏற்பாடு).

நவம்பர் 16

அறை பகலில் 28 டிகிரி. இவ்வகை மெஷின்களுக்குச் சுமார் 18க்குக் கீழேதான் சிக்கல். சென்னையில் மார்கழி ராத்திரிகூட அவ்வளவு இறங்குவது அபூர்வம். ஆனால் பக்கத்துப் படுக்கையறை ஏசி 20ல் ஓட, திறந்த கதவு வழியாகக் குளிர்காற்று நேராக மெஷின்மேல் அடிக்கிறது. கதவைச் சாத்தியாகிவிட்டது. ஏசி ஓடும் அறைக்கு டிஹியூமிடிஃபையரே வேண்டாம், ஏசியே ஈரத்தை இழுத்துவிடும்.

நவம்பர் 17

ஐஸ் மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது. ஃபில்டரைக் கழுவி, காயில்மேல் உள்ள மெல்லிய தகடுகளான ஃபின்களைப் பழைய டூத்பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்தாயிற்று. குறுக்கே தேய்த்தால் ஃபின் மடங்கும். ஃபேன் சுற்றுகிறது, காற்றில் வேகம் இல்லை. ஃபேன் மோட்டாரின் கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்து அளந்தால் 2 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டதில் 1.3தான் மிச்சம். அதே மதிப்பு, 450 வோல்ட் உள்ளதாகப் பார்த்துப் போட வேண்டும்.

நவம்பர் 18

கனமழை, கரண்ட் வருவதும் போவதுமாக. கரண்ட் வந்ததும் உடனே போடக் கூடாது. 5 நிமிடமாவது விட்டால்தான் இருபக்க அழுத்தமும் சமமாகி கம்ப்ரஸர் சிரமமில்லாமல் கிளம்பும்.

நவம்பர் 20

மிச்சம் டிஃப்ராஸ்ட் சென்சார். மிளகளவு தலையுள்ள தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப ஓம் மதிப்பு மாறும் பார்ட்), காயில் குழாயை ஒட்டி இருக்க வேண்டியது, காற்றில் தொங்குகிறது. உப்புக்காற்றில் துருப்பிடித்த கிளிப் பிய்ந்திருக்கிறது. காயில் உறைந்தாலும் சென்சாருக்குத் தெரிவது அறைச் சூடுதான். போர்டு எப்படி டிஃப்ராஸ்ட் போடும்?

மாற்றுவதற்கு முன் ஐஸ் தண்ணீரில் வைத்து அளந்தால்: 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவது, 0வில் சுமார் 30 கிலோ ஓமுக்கு ஏறுகிறது. பார்ட் சரி. மாற்ற வேண்டுமென்றாலும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், அதே ஓம் மதிப்பு சொல்லிக் கேட்க வேண்டும். புது கிளிப்பால் குழாயோடு அழுத்திப் பிடித்து, மேலே அலுமினிய டேப் சுற்றியாயிற்று.

நவம்பர் 23

55 சதவீத ஈரப்பதத்தில் செட்டிங். லேசாகப் பனி படிந்ததும் கம்ப்ரஸர் நிற்கிறது, ஃபேன் மட்டும் ஓடுகிறது, தட்டில் சொட்டுச் சத்தம். வாளி ஒழுங்காக நிரம்புகிறது.

கடற்கரைப் பக்கம் என்பதால் காயிலின் யூ-வளைவுகளில் எண்ணெய்க் கறை தெரிகிறதா என்று அவ்வப்போது பார்ப்பது நல்லது. கறை தெரிந்தால் அங்கே கசிவு. அதை அடைத்து, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), மெஷினில் ஒட்டிய லேபிளில் உள்ள கிராம் எடைக்கே கேஸ் ஏற்றச் சொல்ல வேண்டும். லேபிளில் ஆர்-290 என்றிருந்தால் அது புரொப்பேன், தீப்பிடிக்கும். அதில் பழகாத கையில் மெஷினைக் கொடுக்கக் கூடாது.