மூணு ரூல் எதுக்கு, ஒரு தடவை வகுத்துப் பாருங்க

ரேஷனல் ஃபங்ஷனுக்கு (ஒரு பல்லுறுப்புக்கோவையை இன்னொண்ணால வகுத்த பின்னம்) ஹரிசான்டல் அசிம்ப்டோட் (எக்ஸ் ரொம்ப தூரம் போகும்போது கர்வ் நெருங்கிப் போற படுக்கைக் கோடு) கண்டுபிடின்னு கேட்டா ப்ளஸ் டூ பசங்க மூணு ரூலையும் கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க. மேல டிகிரி (எக்ஸோட அதிகபட்ச பவர்) கீழ இருக்கறதை விட கம்மின்னா ஒய் = 0, ரெண்டும் சமம்னா அந்த அதிகபட்ச பவரோட மேல இருக்கற நம்பரை கீழ இருக்கற நம்பரால வகு, மேல அதிகம்னா கிடையாது. எல்லாம் சரிதான், மார்க் வந்துடும். ஆனா ஏன்னு கேட்டா முழிக்கறாங்க, அதோட "கர்வ் அசிம்ப்டோட்டை தொடவே தொடாது"ன்னு வேற உறுதியா நம்பிட்டு இருக்காங்க. தொடும்ங்க, வெட்டிக்கிட்டும் போகும்.

ஒண்ணு எடுத்துப்போம். (2எக்ஸ்² + 3எக்ஸ்) / (எக்ஸ்² + 1). ரெண்டு பக்கமும் டிகிரி 2, அதனால ஒய் = 2ன்னு ரூல் சொல்லிடும். இப்ப ரூலை தூக்கி ஓரமா வெச்சிட்டு சின்ன வயசுல நம்பரை வகுத்த மாதிரியே இதையும் வகுங்க. ஈவு 2, மீதி 3எக்ஸ் − 2. அதாவது நம்ம ஃபங்ஷன் = 2 + (3எக்ஸ் − 2)/(எக்ஸ்² + 1).

இந்த ஒரு வரிய கொஞ்சம் நின்னு பாருங்க, எல்லாமே இதுல இருக்கு. 2ங்கறது அசிம்ப்டோட், பின்னாடி ஒட்டிட்டு இருக்கற பின்னம் கர்வுக்கும் அந்த கோட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. மீதியோட டிகிரி எப்பவுமே கீழ இருக்கறதை விட கம்மியாத்தான் இருக்கும், அதனால எக்ஸ் பெருசாக பெருசாக இடைவெளி தேஞ்சு 0க்கு போயிடும். எக்ஸ் = 10 போட்டா 2.277, 100க்கு 2.0298, 1000க்கு 2.003. மைனஸ் பக்கம் போனா கீழ இருந்து வரும், −10க்கு 1.683, −100க்கு 1.9698. ரெண்டு பக்கமும் அதே 2தான், ரேஷனல் ஃபங்ஷன்ல இடது கோடிக்கு ஒரு ஹரிசான்டல் அசிம்ப்டோட் வலது கோடிக்கு வேற ஒண்ணுன்னு வரவே வராது.

சரி, எங்க வெட்டும்? இடைவெளி 0 ஆகற இடத்துல, அதாவது மீதி 0 ஆகற இடத்துல. 3எக்ஸ் − 2 = 0, எக்ஸ் = 2/3. அங்க ஃபங்ஷனோட மதிப்பு சரியா 2, போட்டுப் பாத்துக்கோங்க. அதுக்கப்புறம் மேல ஏறி சுமார் 2.8 வரைக்கும் போயிட்டு அப்புறம்தான் மெதுவா 2ஐ பாத்து இறங்குது. தொடக்கூடாதுங்கறது வெர்டிகல் அசிம்ப்டோட்டுக்குத்தான் (கர்வ் நெருங்கிப் போற செங்குத்துக் கோடு) பொருந்தும், அங்க கீழ 0 ஆயிடறதால ஃபங்ஷனே கிடையாது. ஹரிசான்டல் சொல்றது ரொம்ப தூரத்துல என்ன ஆகுதுங்கறதை மட்டும்தான்.

மேல டிகிரி கம்மியா இருந்தா ஈவே 0, அதான் ஒய் = 0. மேல ஒண்ணு அதிகம்னா ஈவு ஒரு சாய்வு கோடா வரும், (எக்ஸ்² + 1)/(எக்ஸ் − 1)ஐ வகுத்தா எக்ஸ் + 1, மீதி 2. மீதி வெறும் 2ங்கறதால இங்க கர்வ் அந்த கோட்டை எங்கயும் வெட்டாது. பாத்தீங்களா, மூணு ரூலும் ஒரே வகுத்தல்ல வந்துடுச்சு, வெட்டுமா வெட்டாதாங்கறதும் கூடவே வந்துடுச்சு!

இது பரீட்சைக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. 1913ல லியோனோர் மிக்கேலிஸும் மாட் மென்டனும் சர்க்கரையை உடைக்கற இன்வர்ட்டேஸ் என்சைமை வெச்சு ஒரு சமன்பாடு குடுத்தாங்க, பயோகெமிஸ்ட்ரி படிக்கறவங்களுக்கு அத்துப்படி. வேகம் = விமேக்ஸ் × எஸ் / (கேஎம் + எஸ்). எஸ்ங்கறது சர்க்கரையோட அடர்த்தி, விமேக்ஸ்ங்கறது வேகத்தோட உச்ச வரம்பு, கேஎம்ங்கறது பாதி வேகம் வர்ற அடர்த்தி. வகுத்தா ஈவு விமேக்ஸ், இடைவெளி விமேக்ஸ் × கேஎம் / (கேஎம் + எஸ்). மேல எஸ்ஸே இல்ல, அதனால 0 ஆகவே ஆகாது, என்சைம் விமேக்ஸை எட்டவே எட்டாது. எஸ் = கேஎம்னா பாதி வேகம், 9 மடங்கு கேஎம் போட்டா 90 சதவீதம், 99 சதவீதம் வேணும்னா 99 மடங்கு ஊத்தணும். அவ்ளோ ஊத்தி அளக்கறது நடக்கற காரியமா? அதனாலதான் 1934ல லைன்வீவரும் பர்க்கும் சமன்பாட்டை தலைகீழா திருப்பி 1/எஸ்க்கு எதிரா 1/வேகம்னு வரைஞ்சாங்க. கர்வ் நேர்கோடா ஆயிடும், எஸ் முடிவிலிக்கு போற இடம் 1/எஸ் = 0ன்னு கிட்டக்கவே வந்துடும். அந்த கோட்டை நீட்டி ஒய் அச்சை எங்க வெட்டுதுன்னு பாத்தா 1/விமேக்ஸ் கிடைச்சிடும்.