தங்கையின் தட்டு

ஜூன் 9
இன்றும் அவள்தான் சமைத்தாள். சின்ன வெங்காயச் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். எல்லோருக்கும் பரிமாறினாள். அப்பா போதும் என்றதும் முகம் வாடிவிட்டது. அவள் மட்டும், "அப்புறம் சாப்பிடுறேன்க்கா."

ஜூன் 11
அம்மா "திமிர்" என்றாள். பெரிய சண்டை.

ஜூன் 14
தூக்கம் வரவில்லை. மின்னசோட்டா ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1944-45இல் அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினியில் வைத்தார். எல்லோரும் விரும்பி வந்தவர்கள், திடமானவர்கள். மெலிய வேண்டும் என்று யாரும் வரவில்லை. பசி ஏற ஏறச் சாப்பாடு ஒன்றே நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள்.

தங்கையின் அலமாரியில் ஒரு நோட்டு நிறையப் பலகாரக் குறிப்புகள். அவள் குணம் என்று நாங்கள் சண்டை போடுவதில் பாதி பட்டினியின் வேலையோ?

ஜூன் 15
அம்மாவிடம் சொன்னேன். பதில் இல்லை. ராத்திரி அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18
கல்யாண வீட்டில் ஒரு அத்தை தங்கையிடம்: "நல்லா இளைச்சு அழகாயிட்டியே!" ராத்திரி தட்டைத் தொடவே இல்லை.

ஜூன் 23
டாக்டர் நிறைய நேரம் பேசினார். அனோரெக்சியாவாம், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய். இந்த நோயில் பலருக்கு யோசனை ஒரே தடத்தில் ஓடுமாம், மாற்றிப் போடுவது கஷ்டமாம். ஒன்று முழுசாகச் சரி, இல்லையென்றால் முழுசாகத் தப்பு. அரைத் தோசை கூடிவிட்டால் அன்றைய நாளே பாழ். பயாலஜி ரெக்கார்டில் ஒரு கோடு பிசகினாலும் பக்கத்தையே மறுபடி வரைவாள், டீச்சர் வகுப்பில் காட்டிப் பாராட்டுவார். இரண்டும் ஒரே பிடிவாதம்தானே. வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், மூளைக்கு முதலில் சாப்பாடு வேண்டும் என்றார் டாக்டர். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறையாம்: கொஞ்ச நாள் என்ன, எவ்வளவு என்பதைப் பெற்றோரே முடிவு செய்வது, நோய் வேறு பிள்ளை வேறு என்று பார்ப்பது.

ஜூன் 27
அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு இட்லிக்கு ஒரு மணி நேரம். அழுகை, கத்தல். அம்மா எழுந்திருக்கவே இல்லை.

ஜூலை 2
ராத்திரி என் காதருகில்: "அம்மா முடிவு பண்ணா நிம்மதியா இருக்குக்கா. அவகிட்ட சொல்லிடாத."

ஜூலை 5
நாடித்துடிப்பு குறைவாம். நாளைக்கும் இப்படியே இருந்தால் வார்டில் சேர்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை.